சுவரில் ஒரு மீன்

மொர்வென்னாவுக்கு இருட்டென்றாலே ஆகாது. அப்படிப்பட்டவள் அறுபது படி இறங்கி, ஒரு சுரங்கத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். கோட்டுப் பைக்குள் அம்மா கட்டிக்கொடுத்த பேஸ்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்டது. யாருடையது என்று மாறிப்போகாமலிருக்க, இங்கிலாந்தின் கார்ன்வாலில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் அதன் ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். இவர்கள் வீட்டுக் குறி மீன்.

நூறு வருடத்துக்கு முந்தைய போரில், எதிரியின் காலுக்குக் கீழே சுரங்கம் தோண்ட அந்தத் தொழிலாளர்களைத்தான் பிரான்சுக்கு அழைத்துப் போனார்கள். அப்பாவுடைய தாத்தாவின் அண்ணன் ஜேகோவும் போனார். திரும்பவே இல்லை. கல்லறைகூடக் கிடையாது. 'சுவரில் பேராவது செதுக்கியிருப்பார்' என்று அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு பிரான்சிலிருந்த இந்தச் சுரங்கத்துக்குத் தேடி வந்திருந்தார். தண்ணீர் ஊறுவதால் நாளை முதல் சுரங்கத்தை மூடுகிறார்கள்.

சுவரெல்லாம் பெயர்கள். ஜேகோ மட்டும் இல்லை.

"இதுக்கு மேல வழி இல்லைங்க," என்றார் வழிகாட்டி ஒடீல். திரும்பும்போது அவர் கையிலிருந்த விளக்கு நழுவி விழுந்து அணைந்தது.

கும்மிருட்டு.

"அசையாதீங்க. பையில இன்னொண்ணு இருக்கு, தேடுறேன்."

காலையிலிருந்து கிண்டலடித்துக்கொண்டே வந்தவர் அப்பா. அவருக்கே இப்போது மூச்சு வாங்கியது.

"அப்பா, பயமா இருக்கா?"

"எனக்கா? சேச்சே." குரல் கீச்சென்று வந்தது. "கொஞ்சூண்டு."

அப்பாவே பயந்தால் அவள் என்ன செய்வாள்? அழுகை முட்டியது. அப்போது ஜேகோ தாத்தா வீட்டுக்கு எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. 'விளக்கு அணைந்தால் ஓட மாட்டோம். உட்கார்ந்து சுவரில் கை வைத்துக்கொள்வோம்.'

"கையைக் குடுங்கப்பா. இப்படி உக்காருங்க. தாத்தா அப்படித்தான் செய்வாராம்."

இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் சுவரைத் தடவினாள். விரலில் ஏதோ பள்ளம் பட்டது. தூக்கிவாரிப்போட, கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல மறுபடி தொட்டாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. வால்.

"அப்பா, மீன்."

"இங்க ஏதும்மா மீனு?"

"நம்ம பேஸ்டி மீன்பா."

விளக்கு எரிந்தது. உட்கார்ந்தவர் தோளுயரத்தில் சின்ன மீன் ஒன்று செதுக்கியிருந்தது. அதன் கீழே 'ஜேகோ, 1916'.

"இத்தனை வருஷமா வரேன், குனிஞ்சு பாக்கத் தோணலையே," என்றார் ஒடீல். அப்பா அந்த எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு அழுதார்.

மொர்வென்னா பேஸ்டியில் மீன் இருந்த ஓரத்தைப் பிட்டு, சுவரோரம் வைத்தாள். "சாப்பிடுங்க தாத்தா. அம்மா சுட்டது."

"உப்பு கம்மின்னு சொல்லுவாரு," என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சியபடி.

மீதியை மூன்று பேரும் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.