குளியலறைக்குள் இருந்த இன்னொரு கதவு

தட்டும் சத்தம் வாசலில் கேட்டிருந்தால் மருமகள் பயந்திருக்க மாட்டாள். அது மாமனாரின் குளியலறையிலிருந்து வந்தது.

அந்தக் குளியலறைச் சுவரில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அதன் பின்னால் எல்லா மாடிகளுக்கும் பொதுவான குழாய்கள் ஓடும் இடுக்கு. ரிப்பேர் என்ற பெயரில் குடியிருப்பு நிர்வாகத்து ஆட்கள் மாற்றுச் சாவி போட்டு நினைத்த நேரத்துக்கு வீட்டுக்குள் வந்தார்கள். ஒருநாள் அவர்கள் முன்னால் பெரியவர் ஈர உடம்போடு துண்டைத் தேடித் தவித்ததைப் பார்த்தபின் அவள் கோர்ட்டுக்குப் போனாள். நாயாய் அலைந்து ஜெயித்தாள். வீடு மாமனார் பெயரில். அவர் சம்மதம் இல்லாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று தீர்ப்பு. இரும்புக் கதவுக்கு அவளே பூட்டும் போட்டாள்.

மழை மூட்டத்தில் இருண்டு கிடந்த அந்த மதியம், கூடத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, குழாய்களில் நீர் இறங்கும் சளசளப்பையும் தாண்டி, துருவும் பாசியும் கலந்த ஒரு வாடையோடு, கொஞ்சமும் அவசரமில்லாமல் அந்தச் சத்தம் வந்தது. மாமனார் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்களா தட்டுறீங்க?"

"நான் இல்லம்மா. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ. உள்ள வரலாமான்னு கேக்குறாங்க."

குடியிருப்பு மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"கேஸ்ல தோத்த கோவத்துல, குழாய் இடுக்குல நின்னு தட்டி வயசானவரைப் பயமுறுத்துறீங்களா? உங்க ஆளை வெளிய கூப்பிடுங்க!"

"எங்க ஆளுங்க எல்லாரும் என் முன்னாடி உக்காந்து சாப்பிடுறாங்கம்மா. அந்த இடுக்குல ஒரு கைதான் நுழையும். ஆள் எப்படி நிக்க முடியும்?"

"அப்ப யாரையாவது உடனே மேல அனுப்புங்க."

"கோர்ட் ஆர்டர் இருக்கேம்மா. பெரியவர் தன் வாயால சொல்லட்டும், வர்றோம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். அன்று பட்ட அவமானத்துக்குப் பிறகு அவர் தாழ்ப்பாள் போடாமல் குளிப்பதே இல்லை.

"மாமா, பதில் பேசாதீங்க! தாழ்ப்பாளை எடுங்க!"

"இரும்மா. பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்க போல."

வாழ்நாள் முழுக்க போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். வாசலில் ஒருவரைக் காக்க வைக்க அவருக்கு மனசு வராது.

"வாங்க, உள்ள வாங்க."

இரும்புக் கதவின் பூட்டு தரையில் விழும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்! நான் சம்மதிக்கல!"

உள்ளிருந்து ஒரு குரல். அத்தனை மரியாதை.

"வீட்டுக்காரர் சொல்லிட்டாரும்மா."

கதவின் மங்கல் கண்ணாடியில் மாமனாரின் நிழல். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் ஒன்று. ஸ்டூல் இழுபடும் சத்தம். அவர் இடம் விடுகிறார். இன்னொன்று. இன்னும்.

கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டது. எது மாமா என்று தெரியவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.