பை காலியாகிறது

காலையில் பையின் நூற்றிருபது மில்லி கோட்டில் நின்ற சீழ், மதியம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. யாரும் பையைத் தொடவில்லை. மோட்டார் அக்கா கண்ணை மூடவே இல்லை, அதனால் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

தண்ணீர் மோட்டார்களைப் பழுது பார்ப்பதால் வந்த பெயர் அது. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டி, கொதிக்கும் காய்ச்சலோடு வந்தவளுக்கு, அடிவயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, தையல் போட்டு நிறுத்தி, மறுமுனையில் பையை மாட்டிக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். கையில் ஆன்டிபயாடிக் சொட்டிக்கொண்டிருந்தது. "சாகுறதுக்கு வேற ஆளப் பாருங்க டாக்டர்" என்று முதல் நாளே சொன்னவள் அவள். ஆறாம் நாள் காய்ச்சலும் விட்டது.

"சிஸ்டர், பையில குறைஞ்சிருக்கு."

"காலை ஷிஃப்ட்ல கொட்டியிருப்பாங்கக்கா. குறைஞ்சா நல்லதுதானே?"

அந்த வார்டின் வழக்கம் அப்படி. பையில் இருப்பதை எழுதுவார்கள், கொட்டியதை எழுதமாட்டார்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் முந்தைய ஷிஃப்ட் கொட்டியதாக நினைத்துக்கொள்ளும். தாளில் மட்டும் எண் அழகாக இறங்கிக்கொண்டே வந்தது.

துணைக்கிருந்த தம்பியின் பேனாவை வாங்கி, பையில் சீழ் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். மின்விசிறி கடகடத்தது, வெளியே தள்ளுவண்டியின் ஒற்றைச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது, பினாயில் நெடிக்கு அடியிலிருந்து, வெகுகாலம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை மெல்லக் கிளம்பி அவள் போர்வைக்குள்ளிருந்தே வந்தது. குழாய்க்குள் மஞ்சளாக ஒரு இழை அசைந்தது. கீழிருந்து மேலே.

எதுவும் இழுக்காமல் தண்ணீர் மேலே ஏறாது. இருபது வருடமாக அவள் சோறு தின்பதே அந்த ஒரு விதியால்தான்.

குழாயின் ஓட்டத்தை நிறுத்தும் சின்னத் திருகை மூடினாள். திருகுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்த குழாய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே, தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஏதோ ஒன்று ஒரு மிடறு விழுங்குவதை உணர்ந்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

தம்பி ஓடிவந்தான். "அக்கா, இப்பவே குழாய எடுத்துடுறாங்களாம். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

எடுத்தால் ஓட்டை மூடிவிடும். விழுங்கியது எதுவோ, அது உள்ளேயே இருக்கும். அவளோடு வீட்டுக்கு வரும்.

டாக்டர் வந்ததும் சொன்னாள். "உள்ள ஏதோ உறிஞ்சுது. எடுக்காதீங்க."

"தொழில் புத்தி உங்கள விடாது போல." டாக்டர் சிரித்தார். "குழாய் எங்கயோ மடங்கியிருக்கும்மா. சீழ் நின்னுபோச்சு, தாள்ல பாருங்க." பேசிக்கொண்டே தையலில் கத்தரியை வைத்தார்.

"என் வயிறு டாக்டர். நான் சொல்றேன், வேணாம்."

தையல் அறுந்தது.

டாக்டர் இன்னும் குழாயைத் தொடவில்லை. அது நகர்ந்தது.

உள்ளே.

ஒரு விரல் நீளம். இரண்டு விரல். கட்டிலின் விளிம்பை உரசிக்கொண்டு பை மேலேறியது. டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "அக்கா!" என்று தம்பி அலறினான்.

அவள் இரு கைகளாலும் குழாயைப் பிடித்தாள். வழுக்கியது. முழங்கையில் சுற்றிக்கொண்டாள்.

"வெளிய வா. என் உடம்புல உனக்கு இடமில்ல. வா வெளிய!"

இழுத்தாள். வயிறு கூம்பாக எழுந்தது. பல்லைக் கடித்து இன்னும் இழுத்தாள். இரண்டு விரல் நீளம் வெளியே வந்தது.

வந்த துண்டில் நெருக்கமாக, வரிசையாக, சின்னச் சின்னப் பல்தடங்கள்.

ஓட்டைக்குள்ளிருந்து குழாய் மறுபடி விறைத்தது. அவள் பிடியை விடவில்லை.

உள்ளே இருந்ததும் விடவில்லை.