காகங்கள் மேல் ஒரு புகார்

சனிக்கிழமை காலை 10.40. ரேஷன் கடையிலிருந்து திரும்பிய முத்துமீனா கேட்டைத் திறந்தபோது, அவளுடைய கணவர் சிவபாண்டி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். மொட்டை மாடியிலிருந்து விழுந்திருந்தார். உயிர் இல்லை. நெற்றியிலும் கன்னங்களிலும் ஏழெட்டுக் கீறல்கள். வேப்பமரத்தில் காகங்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

விளாங்குடியின் அந்தத் தெருவுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் சிவபாண்டி அந்த மரத்திலிருந்த கூட்டைக் கம்பால் தட்டிவிட்டார். இரண்டு குஞ்சுகள் செத்தன. அன்றிலிருந்து அவர் வெளியே வந்தால் போதும், காகங்கள் பாய்ந்துவிடும். மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. இன்று பழிவாங்கிவிட்டன என்றது தெரு.

11.05. சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்வாணி உடலருகே குனிந்தார்.

"காக்காயைப் பிடிச்சு உள்ள வைக்கணும்னா எத்தனை கூண்டு வேணும் மேடம்?" என்றார் ஏட்டு சிவனாண்டி.

தமிழ்வாணி சிரிக்கவில்லை. "பின்னந்தலையில பிளாஸ்திரி இருக்கு. அது பழைய காயம். மூஞ்சியில இருக்கிறதைப் பாருங்க. தோல் கிழிஞ்சிருக்கு, ரத்தம் வரலை. செத்தபிறகு கீறினது."

"கீழ விழுந்தபிறகு வந்து கொத்தியிருக்கலாமே?"

"கீறலுக்குள்ள துரு ஒட்டியிருக்கு. காக்கா நகம் துருப்பிடிக்காது."

தெருவின் பார்வை கீழ்வீட்டுக்குத் திரும்பியது. அங்கே வாடகைக்கு இருந்த ஆலன், மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கூடு விழுந்த அன்று, "இதுக்கு நீங்க அனுபவிப்பீங்க" என்று ஊரே கேட்கக் கத்தியவர். செய்தது மனிதன் என்றால் அது ஆலனாகத்தான் இருக்க முடியும் என்று எல்லோரும் நினைப்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"பத்து மணிக்கு மேல எங்க இருந்தீங்க?" என்று அவரிடம் கேட்டார் தமிழ்வாணி.

"ரூம்ல. பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன் மேடம்."

"விழுந்த சத்தம்?"

"காதுல ஹெட்போன்."

"ரொம்ப வசதி" என்றார் சிவனாண்டி.

தமிழ்வாணி ஆலனையே பார்த்தார். "காக்கா பழிவாங்குமா வாத்தியாரே?"

"ஆளோட முகத்தை ஞாபகம் வச்சுக்கும். கூட்டுக்கு ஆபத்துன்னு பயந்து விரட்டும். பழிங்கிறது நாம வச்ச பேரு."

"ஆமா, வாங்கும்னு சொல்லியிருந்தா உங்களுக்கு நல்லதா இருந்திருக்கும்."

"தெரிஞ்சே பொய் எப்படி மேடம் சொல்றது?"

11.20. கேட்டுக்கு வெளியே ஓர் அழுகுரல். கொட்டாம்பட்டியில் விவசாயம் பார்க்கும் சின்னக்கருப்பன், சிவபாண்டியின் தம்பி. அண்ணன் வீட்டு வாசலை மிதித்து எட்டு வருடமாகிறது.

"மதினி" என்றவர் கேட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

"பத்தே முக்காலுக்கு வீட்டுல இருந்தவருக்குப் போன் பண்ணேன். போட்டது போட்டபடி ஓடியாந்துட்டாரு" என்று முத்துமீனா விம்மினாள். "வரப்போக இல்லாட்டியும் நான் போன்ல எல்லாம் சொல்லுவேன். காக்கா விசயமும் சொன்னேன்."

11.45. மூவரையும் முன்கூடத்துக்கு அழைத்தார் தமிழ்வாணி. "காக்கா அவரை எப்படி அடிக்கும்? பேச வேண்டாம், செஞ்சு காட்டுங்க."

முத்துமீனா தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் பிடரியை மூடினாள். "அதுக்குப் பயந்தே, மரத்தைப் பாத்துக்கிட்டுப் பின்பக்கமாவே நடப்பாரு மனுசன்" என்றாள் தன்னை மறந்து.

ஆலனும் பிடரியைத்தான் மூடினார்.

சின்னக்கருப்பன் உள்ளங்கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தினார். மற்ற இருவரையும் பார்த்தார். கைகள் தாமாக இறங்கின.

"காக்கா முகத்துக்கு எதிரே வராது. முதுகு காட்டுற வரைக்கும் காத்திருந்து பின்னால வரும். இந்த வீட்டுல இருக்கிறவங்க மூணு வாரமா கண்ணால பாத்தது இது" என்றார் தமிழ்வாணி. "இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் செஞ்சிருந்தா பின்னந்தலையிலதான் கீறியிருப்பாங்க. போன்ல மட்டும் கேட்ட ஆள்தான், காக்காயும் மனுசன் மாதிரி நேருக்கு நேரா வந்து பழிதீர்க்கும்னு நினைச்சிருக்காரு."

அவர் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"கொட்டாம்பட்டியில பஸ் ஏறினா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அங்கேர்ந்து வேற பஸ் பிடிக்கணும். போன் பேசி முப்பத்தஞ்சு நிமிசத்துல வந்துட்டீங்க."

சின்னக்கருப்பன் மறுக்கவில்லை. "சாயங்காலமா வரணும்னுதான் இருந்தேன். மதினி அழுத சத்தம் தெரு முக்கு டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. உக்கார முடியல."

முத்துமீனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு வருசத்துக்கு முன்னாடி எம் மகன் ராம்கி செத்தப்ப வண்டிய ஓட்டுனது எங்கண்ணன். குடிச்சிருந்தாரு. பயதான் ஓட்டுனான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தாரு. செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போறானா? இன்னைக்கு மாடியில வச்சு, ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொல்லுண்ணேன்னு கேட்டேன். இன்னுமாடா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கன்னாரு. தள்ளிட்டேன். கீழ கெடந்த ஆணியால கீறிட்டு, பின்சந்து வழியாப் போயிட்டேன்."

"நீங்க போகலாம் வாத்தியாரே" என்றார் தமிழ்வாணி.

ஆலன் எழுந்தார். ஆனால் போகவில்லை. கையில் விலங்கு மாட்டப்பட்டிருந்த சின்னக்கருப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், குஞ்சு செத்துப்போச்சே, அந்தக் காக்கா இனி என்ன செய்யும்?"

"கொஞ்ச நாள் கத்தும்ணே. அப்புறம் வேற மரத்துல கூடு கட்டும்."

"விட்டுருமா?"

"விட்டுரும்."

"அது எப்படி சார் விடுது?"

சிவனாண்டி மெதுவாகத் தோளைத் தொட, சின்னக்கருப்பன் ஜீப்பை நோக்கி நடந்தார்.