பொடிசும் இருநூறு பொறிவண்டுக் குட்டிகளும்

பண்ணைக்கு வந்த முதல் நாளே பொடிசு ஒரு பாத்தி நிறையக் கேரட் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். களை என்று நினைத்துத்தான் பிடுங்கினாள். மளமளவென்று பிடுங்கினாள்.

"களையெல்லாம் எடுத்தாச்சு, அக்கா!"

பண்ணைக்கார அக்கா அவளைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"களையை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எடுத்திருக்கே, கண்ணு" என்றார்.

பொடிசுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம், அதனால் அந்தப் பெயர். அப்பா நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். "இந்த லீவுல மண்ணைத் தொட்டே ஆகணும்" என்று சொல்லி, இந்த இயற்கைப் பண்ணைக்கு எழுதிப் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வாரம் இங்கேயே தங்க வேண்டும். காலையில் பண்ணை வேலை. பதிலுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க மாடியில் ஓர் அறை.

அப்பா மண்ணைத் தொட்டார். தொட்ட அன்றைக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பாதி வளைந்தே நடந்தார்.

மறுநாள் அக்கா பொடிசுக்கு வேறு வேலை கொடுத்தார். வேலியோரம் வரிசையாகப் பீன்ஸ் கொடிகள் நின்றன.

"இலைக்கு அடியில செடிப்பேன் இருக்கும். பச்சையா, பொடிப்பொடியா. செடியோட சாறை எல்லாம் உறிஞ்சிடும். பார்த்தா விரலால நசுக்கிடு. எதையும் பிடுங்காதே, என்ன?"

"செடிக்குக்கூடவா பேன் வரும்?"

"வரும். நாமதான் மருந்து அடிக்க மாட்டோமே. கையாலதான் எடுக்கணும்."

பொடிசு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது கொடியில் அவளுக்கு முன்பே ஒருவர் வேலையில் இறங்கியிருந்தார். அரிசி அளவு உடம்பு. கறுப்பு நிறம், முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால். குட்டி முதலை மாதிரி இருந்தது. ஒரு செடிப்பேனைத் தின்று முடித்ததும், அடுத்ததிடம் போனது. பொடிசு அப்படியே உட்கார்ந்து எண்ணினாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினெட்டு!

"அக்கா, இங்க ஒரு முதலை இருக்கு!"

அக்கா எட்டிப் பார்த்தார். "அது பொறிவண்டோட குட்டி. வளர்ந்ததும் அதோ, அந்தச் சிவப்பு வண்டு மாதிரி ஆயிடும். அதுவும் உங்கப்பா மாதிரிதான். சாப்பாட்டுக்கு வேலை செய்யுது."

"எங்கப்பாவைவிட நல்லாவே செய்யுது" என்றாள் பொடிசு.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் புத்தம்புது மருந்து தெளிப்பானைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் மாமாதான்.

அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"காத்து அங்கேருந்து நம்ம பக்கம்தான் வீசுது. அவர் அடிக்கிற மருந்து நம்ம பீன்ஸ் மேலயும் படும். அப்புறம் இது இயற்கைப் பண்ணைன்னு சொல்ல முடியாது. சான்றிதழ் போயிடும். திரும்ப வாங்க மூணு வருஷம் ஆகும்."

"அவர்கிட்ட சொல்லலாமே!"

"நாங்க பேசி ஒரு வருஷமாச்சு" என்றார் அக்கா. "நம்ம கோழிங்க அவர் தோட்டத்தைக் கிளறிடுச்சு. அவர் கத்தினார். நானும் கத்தினேன். இப்போ கோழிங்க மட்டும்தான் போக வர இருக்கு."

பொடிசு யோசித்தாள். "அப்போ நான் போய்ப் பேசட்டுமா? நான் இன்னும் அவர்கூடச் சண்டை போடலையே."

அக்கா சிரித்துவிட்டார். அப்பாவும் வளைந்தபடியே கூட வந்து மாமா வீட்டு வாசலில் நின்றுகொண்டார்.

"யார் நீ?" என்றார் டிரைவர் மாமா.

"பக்கத்துப் பண்ணையில வேலை செய்யறேன், மாமா. மருந்து எப்போ அடிக்கப் போறீங்க?"

"சனிக்கிழமை. என்னைத் தடுக்கச் சொல்லி அனுப்பினாங்களா? முதல்ல வந்து என் செடியைப் பாரு. அப்புறம் சொல்லு."

பொடிசு பார்த்தாள். பாவமாக இருந்தது. இரண்டே வரிசை பீன்ஸ். இலையெல்லாம் சுருண்டு, பிசுபிசுவென்று, அடியில் அப்பிக் கிடந்தன செடிப்பேன்கள்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு செடி நட்டதில்ல. இதுதான் முதல் தடவை" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "மருந்து அடிக்கணும்னு எனக்கு மட்டும் என்ன ஆசையா? வேற வழி தெரியல."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, மாமா. நான் ஆள் கூட்டிட்டு வரேன்."

"ஆளா? எத்தனை பேர்?"

"நிறையப் பேர்!"

பண்ணைக்கு ஓடினாள். ஒரு கண்ணாடி ஜாடியில் நாற்பது சிவப்புப் பொறிவண்டுகளைப் பிடித்தாள். உச்சி வெயிலில் கொண்டுபோய் மாமாவின் பீன்ஸ் கொடி மேல் ஜாடியைக் கவிழ்த்தாள்.

வண்டுகள் சிறகை விரித்தன. விர்ரென்று கிளம்பி வேலியைத் தாண்டி வந்த வழியே போய்விட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"என்னம்மா, எல்லாரும் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிட்டாங்க!" என்றார் டிரைவர் மாமா.

பொடிசுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. காலி ஜாடியோடு வேலியோரம் வந்து உட்கார்ந்தாள். எதிரே ஒரு குட்டி முதலை இலை மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே வெறித்துப் பார்த்தாள்.

சட்டென்று எழுந்தாள். "இதுக்குச் சிறகே இல்லையே! இது எப்படிப் பறந்து போகும்?"

நேராக அக்காவிடம் ஓடினாள். "அக்கா, உங்க பொறிவண்டுக் குட்டிங்கள்ல கொஞ்சத்தை மாமா தோட்டத்துக்கு அனுப்புவீங்களா?"

அக்கா வேலியைப் பார்த்தபடி நின்றார்.

"அவர் செடியும் பாவம், அக்கா. அவர் நட்ட முதல் செடி."

"சரி, நானும் வந்து பொறுக்கறேன்" என்றார் அக்கா. "ஆனா வேலியைத் தாண்ட மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் மூவரும் இறங்கினார்கள். பொடிசு தன் வண்ணப் பெட்டியிலிருந்த மெல்லிய தூரிகையால் குட்டிகளை நசுங்காமல் எடுத்து ஜாடியில் விட்டாள். அப்பாவுக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை. காலை உணவுக்குள் இருநூறு சேர்ந்துவிட்டன.

சுருண்ட இலைகளில், இலைக்கு ஒன்றாகப் பொடிசு அவற்றை இறக்கிவிட்டாள். ஜாடியைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"உள்ளே போங்க, உள்ளே போங்க! யாரும் படியில நிக்காதீங்க!"

செவ்வாய்க்கிழமை ஒரு மாற்றமும் இல்லை. புதன்கிழமை மாமா கதவருகிலேயே காத்திருந்தார். "குறைஞ்ச மாதிரியே தெரியலையே, பொடிசு."

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க, மாமா. பொறுமையா இருங்க" என்றாள். ஆனால் அவளுக்கும் பொறுமை இல்லை. அன்று நாலு தடவை போய்ப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஒரு கொடியின் நுனியில் புது இலை ஒன்று சுருளாமல் விரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏழு இலைகள்.

சனிக்கிழமை காலை. மருந்து தெளிப்பான் மாமாவின் வாசற்படியில் தயாராக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் அக்கா கூடையோடு நின்றார். கூடையில் ஒன்றும் இல்லை. சும்மாதான் நின்றார்.

மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கொடியிலிருந்து ஆரம்பித்தார். ஓர் இலையைக்கூட விடவில்லை. பொடிசு மூச்சுவிடாமல் பின்னாலேயே போனாள். கடைசிக் கொடியில் அவர் நின்றார்.

"இதோ இருக்கு" என்றார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

பொடிசுக்குத் திக்கென்றது. அதற்குள் ஒரு பொறிவண்டுக் குட்டி குடுகுடுவென்று வந்து முதலாவதைக் கவ்வியது.

"ரெண்டுதான், மாமா!"

டிரைவர் மாமா நிமிர்ந்தார். வாசற்படிக்குப் போனார். தெளிப்பானை அதன் பெட்டிக்குள் வைத்து இறுக்கிக் கட்டினார். பிறகு வேலியருகே வந்து, பஸ் ஹாரன் மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"பண்ணைக்காரம்மா! உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா!"

அக்கா கூடையைக் கீழே போட்டார். தாவாத குறையாக வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அப்பா தன் இடுப்பை மறந்து பொடிசைத் தோளில் தூக்கிக்கொண்டார். "அம்மாடி!" என்று ஒரு சத்தம் போட்டாலும் இறக்கிவிடவில்லை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு தோட்டமும் ஒரே பச்சையாகத் தெரிந்தன. பொடிசு இரண்டு கையையும் உயர்த்தி, தொண்டை கிழியக் கத்தினாள். கோழிகள் மிரண்டு ஓடின. எந்தத் தோட்டத்துக்குள் ஓடின என்று யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் டிரைவர் மாமா ஒரு பலகை கொண்டுவந்தார். அவர் சொல்லச் சொல்லப் பொடிசு பெரிய எழுத்தில் வண்ணம் தீட்டினாள்:

'மெதுவாகச் செல்லவும். பொறிவண்டுகள் வேலை செய்கின்றன.'

பலகை ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார் மாமா. பண்ணையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றார் அக்கா. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருந்ததே!

அவர்கள் பேசி முடிப்பதற்குள், பொடிசு சுத்தியலை எடுத்து, பலகையை வேலிக் கதவிலேயே வைத்துக் கடைசி ஆணியையும் அடித்து முடித்திருந்தாள்.