வரம்பில்லாத கணக்கு

விடுமுறை நாளான அன்று பிற்பகல் வீடும் அலுவலகமும் சேர்ந்த அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் மாமியார், கொழுந்தன், மூத்த மருமகள் ஆகிய மூவர் மட்டுமே. மூத்த மகனான அவள் புருஷன் வெளியூர் போயிருந்தான். காவலாளி வாசலுக்கு வெளியே இருந்தான். ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூவர் மட்டுமே இருந்தும், மூன்று கிளைகளுக்கும் பொதுவான சர்வர் காலையிலிருந்து மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. பிராசசர் பயன்பாடு நூறு விழுக்காடு. இறங்கவேயில்லை. குடும்பத்துக்கு மருந்து மொத்த வியாபாரம். பொழுது சாய்வதற்குள் மருத்துவமனைகளுக்குப் பில்கள் போயாக வேண்டும். மூன்று கிளைகளையும் ஒரே சர்வரில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவள் மருமகள். பழியும் அவள் தலையில்தான் விடிந்தது.

"படிச்சவங்க கை வச்சா இப்படித்தான் அண்ணி," என்றான் கொழுந்தன், சர்வர் அறை வாசலில் சாய்ந்துகொண்டு. "பழசு மூணும் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு."

அவள் உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். ஜன்னலே இல்லாத அந்த அறையில், குளிர்சாதனக் காற்றுக்கு அடியில் சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாடை தேங்கியிருக்க, மின்விசிறிகளின் இரைச்சல் காதுக்குள் போவதோடு நில்லாமல் பல்லுக்குள்ளும் இறங்க, பச்சை விளக்குகள் சிமிட்டும்போதெல்லாம் சுவரில் அவள் நிழல் தோன்றித் தோன்றி மறைந்தது.

ஓடிக்கொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பில்லிங் இல்லை. சரக்கிருப்பு இல்லை. காப்பு நகலும் எடுக்கப்படவில்லை. சர்வரை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பயனர் கணக்கு. அதில் மாமனாரின் பெயர் இருந்தது.

அவர் போன மழைக்காலத்தில் காலமானவர். காலமான பெரியவர் பெயரை எந்த இடத்திலிருந்தும் எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மற்றவர் கணக்குகள் சர்வரில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருந்தாள். பெரியவருக்கே வரம்பு வைப்பதா என்று மாமியார் கேட்டபோது அவர் கணக்கை மட்டும் வரம்பில்லாமல் விட்டுவிட்டாள்.

யாரோ அவர் கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எந்தக் கணினியிலிருந்து என்று பார்த்தாள். இந்த அறையிலிருந்து. அவள் உட்கார்ந்திருந்த இதே கணினியிலிருந்து.

அந்தக் கணக்கில் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்தாள். ஊழியர் வருகைப் பதிவை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் துழாவிக்கொண்டிருந்தது அந்தத் தேடல். மூன்று கிளைகளிலும் இப்போது உள்ளே இருப்பவர் யார்?

நிறுத்தினாள். இரைச்சல் தணிந்தது. சற்று நேரத்தில் மறுபடி எழுந்தது. இம்முறை எண்பது விழுக்காடு. தேடலில் ஒரு நிபந்தனை கூடியிருந்தது. இந்தக் கட்டடம் மட்டும்.

மறுபடி நிறுத்தினாள். நாற்பது. இந்தத் தளம் மட்டும்.

"எறங்குதே," என்றான் கொழுந்தன், தலையை நீட்டி. "பரவால்ல அண்ணி, உங்களுக்கும் கைராசி இருக்கு." சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டான்.

அவனுக்கு எப்படிப் புரியவைப்பாள்? கோளாறு சரியாகி எண் இறங்கவில்லை. தேட வேண்டிய இடம் குறைந்துகொண்டே வருகிறது.

அதன்பிறகு அவள் தொடவில்லை. அதுவாகவே இறங்கியது. இருபது. பெண்கள் மட்டும்.

கூடத்தில் இருந்த மாமியாரிடம் ஓடினாள். மாமா கணக்கை ஒரு மணி நேரத்துக்காவது மூடி வைக்க வேண்டும் என்று கெஞ்சினாள். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் பேர எடுத்துட்டு, இந்த வீட்டுக்குள்ள நீ எந்தப் பேரச் சொல்லிக்கிட்டு வருவ?"

அறைக்குத் திரும்பினாள். கணக்கை மூடும் கட்டளையை அடித்தாள். விரல் விசையின் மேல் நின்றது. அழுத்தினால் இந்த வீட்டில் அவளுக்குள்ள இடம் போகும். புருஷனும் தாய் பக்கம்தான் நிற்பான்.

ஐந்து. இந்த அறை மட்டும்.

தயங்கினாள்.

பூஜ்யம்.

மின்விசிறிகள் அடங்கின. திரையில் விடை வந்தது. ஒரே வரி. அவள் பெயர்.

அடித்து வைத்த கட்டளை எழுத்தெழுத்தாக அழிந்தது. அவள் விரல் அசையவில்லை. விரலின் மேல் குளிர்ச்சி. தடித்த நகம்.

இன்னொரு விரல்.

மூத்த மருமகள் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். பொய். இந்தக் குடும்பத்து மருமகள்கள் அப்படிப் போகிறவர்கள் அல்ல. பில்கள் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன. அவள் அந்த அறையில்தான் இருக்கிறாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. இருவர் மாறி மாறி விசை தட்டும் சத்தம் இன்றைக்கும் கூடம் வரை கேட்கிறது. பெரியவர் வேலையாக இருக்கும்போது கதவைத் தட்டும் வழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.