நோயில்லாத ரத்தம்

அறையில் இருந்தவர்கள்: ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா, குண்டன், ஊசி. குளிர்பெட்டிக்குள் நாற்பது பேரின் ரத்தம்.

தன் கையில் ஊசி ஏறும் என்றாலே மயங்குவான் என்று அவனுக்கு 'ஊசி' எனப் பட்டப்பெயர் வைத்தவன் குண்டன்தான்.

ஊசி ஒரு ரத்தக் குழாயை எடுத்து மூடியைத் திறந்ததும் அழுகிய பழ வாடை அடித்தது. மாடி வார்டில் பூட்டிவைத்த நோயாளிகளின் ரத்தத்தில்தான் அந்த வாடை இருக்கும். இதுவோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வகத்தார் தாங்களே கொடுத்த நோயில்லாத ரத்தம். குழாய்மேல் ஒட்டியிருந்தது அவனுடைய பெயர்.

உடம்பு எரித்தது போக ரத்தத்தில் மிஞ்சிக் கிடக்கும் நுண்பொருள்களை இயந்திரம் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஜன்னலில்லாத அந்த அறையில் தூங்குகிறவனின் மூச்சைப்போல ஏறி இறங்கி இரைந்தபடி, திரையில் முகடு முகடாக வரைந்துகொண்டே போனது. கடைசியில் ஒன்று எழுந்தது. ஒல்லியாக, ஈட்டிபோல. நோய் வெளியே தெரியுமுன்பே காட்டிக்கொடுக்கும் முகடு.

"மாப்ளே, இது உன்னுதுடா." குண்டன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

அவனுடையதல்ல. பிறருக்குக் குத்துவான், தனக்கென்றால் நடுக்கம். தங்கச்சியைக் கெஞ்சி அவள் கையில் ரத்தம் எடுத்து, தன் பெயரை ஒட்டியிருந்தான்.

இன்று காலை செருப்பு மாட்டும்போது அவள் பின்னால் வந்து அவன் கழுத்தை முகர்ந்தாள். "அண்ணா, உன்மேல நல்ல வாசனை வருது." அவன் சிரித்தான்.

"மேடம், இது என் தங்கச்சி ரத்தம்."

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "எல்லாரும் இப்படித்தாம்பா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் பெத்த புள்ளையவே கைகாட்டினாரு."

"இப்பவே குத்திப் பாருங்க மேடம்!" வாழ்நாளில் முதல்முறையாகத் தானே கையை நீட்டினான்.

"வார்டுக்குள்ள போயி எடுத்துக்கலாம்."

காவலர்கள் இருவர் வந்து தோளைப் பிடித்தார்கள். படிக்கட்டு. நீண்ட தாழ்வாரம். வாடை.

"டேய் குண்டா, அம்மா வீட்ல அவகூடத் தனியா இருக்காங்கடா. ஒரு போன் பண்ணுடா!"

குண்டன் தரையைப் பார்த்தபடி நடந்தான்.

வார்டுக்குள்ளே விளக்குகள் எரிந்தன. கட்டில்கள் காலி. எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள். ஒரு மூக்கு உயர்ந்தது. முகர்ந்தது. இன்னொன்று. தலைகள் திரும்பின.

"நல்ல வாசனை."

அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.