எக்கோ மட்டும்

நான்காம் மைக்கின் சத்தத்தை மைக் செட்டுக்கார இஞ்ஞாசி அடியோடு இறக்கித்தான் வைத்திருந்தான். இருந்தும் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அதன் எக்கோ வந்துகொண்டிருந்தது. குரல் இல்லை, குரல் போன பிறகு மிஞ்சுகிற இழுவை மட்டும். மத்தியானம் இரண்டு மணி. வேடசந்தூர் பக்கத்து வெயிலில் பந்தல் துணி காய்ந்து நெடியடித்தது. பதினாறாம் நாள் பந்தியில் சாம்பார் வாளி போகிற சத்தம், கழுத்து மாலை வாடிப்போன போட்டோவின் முன்னே பெண்களின் ஒப்பாரி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இழுவை நகர்ந்துகொண்டே இருந்தது.

குரலை எக்கோவுக்கு அனுப்புகிற வழியை, சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர் கட்டைக்கு முன்னாலேயே பிரித்துவிட்டால் இப்படி ஆகும். கட்டையைக் கீழே தள்ளினால் குரல் அடைபடும், முன்பே பிரிந்து போனது அடைபடாது. கத்துக்குட்டி செய்கிற தப்பு. இருபத்திரண்டு வருஷம் மைக் செட் போட்டவன் செய்யலாமா? நாக்கைக் கடித்துக்கொண்டு மிக்சரில் குனிந்தான். எக்கோவுக்கான திருகுக் குமிழும் பூஜ்யத்தில்தான் இருந்தது.

அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒச்சாயி, செத்துப்போன அறிவுச்செல்வியின் அம்மா. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் குரல் எந்த நிமிஷத்தில் போனது என்று இஞ்ஞாசிக்கு மட்டும் தெரியும்.

பிணம் எடுத்த அன்றைக்கு இதே மைக்கில் அவள் பாடினாள்.

"கெணத்துல விழுந்தியோ, எந்தாயி, கெணத்துக்குள்ள தள்ளுனாகளோ..."

மருமகன் பொன்னுத்துரை எழுந்து வந்து இஞ்ஞாசியின் காதருகே குனிந்தான். "அண்ணே, அந்த மைக்கக் கொறைங்க. ஊரே கேக்குது."

கொஞ்சம் தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. ஒரே இழுப்பில் கட்டையை இறக்கி, மற்றப் பெண்களின் குரலுக்கு எக்கோவைக் கூட்டினான். குழாயில் தன் குரல் இல்லை என்பது இரண்டு வரி பாடின பிறகுதான் ஒச்சாயிக்கு உறைத்தது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வயரைத் தேடுகிறவனாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று அன்றிலிருந்து தன்னையே காறித் துப்பாத நாள் இல்லை.

அதைவிடப் பெரிய கேவலம் ஒன்று இருந்தது. போன மாசம் இதே வீட்டுக் காதுகுத்துக்கு வந்தபோது, உள்ளறையில் அணைக்காமல் கிடந்த மைக் வழியாக ஹெட்போனில் எல்லாம் கேட்டான். அடி. மறுபடி அடி. கிணற்றில் தள்ளிவிடுவேன் என்று பொன்னுத்துரை பெண்டாட்டியிடம் சொன்னது. அடுத்தவன் குடும்பம், நமக்கெதுக்கு வம்பு என்று அந்தக் கட்டையையும் இறக்கினான். பிறகு காபி கொண்டுவந்த அறிவுச்செல்வி அவன் காதில் ஹெட்போனைப் பார்த்தாள். டம்ளர் அவள் கையிலேயே செத்த நேரம் நின்றது. அவன் நிமிரவேயில்லை.

இழுவை கூடியது.

எக்கோவை அணைத்தான். போகவில்லை. வயரைப் பிடுங்கினான். போகவில்லை. ஆம்பிளிஃபயரையே நிறுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது. குழாய் அணையவில்லை. காய்ந்த வெயிலில் எங்கிருந்தோ பாசி வாடை வந்தது. ஒப்பாரி நின்றது. பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பொன்னுத்துரை சாம்பார் வாளியோடு நின்றான்.

"என்னண்ணே சத்தம் அது? நிறுத்துங்க."

போதும். இன்றைக்கும் வாயை மூடினால் சோறு தின்கிற வாய் இல்லை இது. மைக் வேண்டாம், வெறும் தொண்டை போதும் என்று எழுந்து நின்றான். இவன் அடித்ததை நான் கேட்டேன், தள்ளிவிடுவேன் என்று சொன்னதையும் கேட்டேன் என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

சத்தம் வரவில்லை.

உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. அவன் காதுக்கே கேட்கவில்லை. பொன்னுத்துரையும் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒன்றும் வரவில்லை. வாளி கீழே விழுந்தது. சத்தமில்லை. பந்தலில் அத்தனை வாய்களும் அசைந்தன. சத்தமில்லை.

குழாய் மட்டும்.

இழுவை பின்னுக்குப் போனது. எக்கோ சுருங்கிச் சுருங்கி, அது பிறந்த குரலைத் தேடி. தண்ணீர் சொட்டுகிற சத்தம். சுற்றிலும் கல். மூச்சு. பிறகு, ஆழத்திலிருந்து, மெல்ல, ஒரு பெண் குரல்.

"அண்ணே."

இஞ்ஞாசி குழாயை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, கேக்குதா?"

கேக்குதுத்தா என்று கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கேக்குது, கேக்குது, கேக்குதுத்தா. வாய் கிழிந்தது. ஒரு துளிச் சத்தம் இல்லை.

"அண்ணே, கேக்குதா?"